இரண்டும் ஒரே நிறம்தான்

எங்கள் தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கம்பெனியில், பயிற்சிப் பிரிவை இப்போது பார்த்துக்கொள்வது பர்வீன். என்னோடு ஸ்பிரே மெஷினில் வேலை பார்த்த சலீம் பாயின் மகள். போன மாதம் அவள் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் பத்து நிமிஷம் பேசச் சொன்னாள். வெளிநாட்டு மொழி ஒன்றைக் கற்றுக்கொண்டால் என்ன நன்மை என்பதுதான் தலைப்பு. அந்தக் கம்பெனியில் இத்தாலிய மொழி பேசிய முதல் தொழிலாளி நான். அதனால்தான் என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். சால்வை போட்டார்கள். வேலை உயரும், மரியாதை கிடைக்கும், உலகம் பெரிதாகும் என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். முதல் வரிசையில் ஒருவன் செல்போனைத் தூக்கிக் காட்டி, "இதுல தமிழ்ல பேசுனா அதுவே இத்தாலியில சொல்லிடுது சார். அப்புறம் இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று கேட்டான். "போன் கை குலுக்காதுப்பா" என்றேன். சிரித்தார்கள். ஒரு பெண் எழுந்து, ஒரே ஒரு வாக்கியம் பேசிக் காட்டச் சொன்னாள். வாயில் வந்ததைச் சொன்னேன். கை தட்டினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சால்வையை மடித்துப் பரண் மேல் போட்டேன். இப்போது அந்தப் பேச்சையே ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்கிறாள் பர்வீன். அதை எழுத மாட்டேன். அன்றைக்குப் பேசாமல் விட்டதை எழுதுகிறேன். போடுவதும் கிழித்துப் போடுவதும் அவள் இஷ்டம்.

நான் குடியாத்தத்துக்காரன். வீட்டில் லுங்கித் தறி. எனக்குத் தறியும் வரவில்லை, படிப்பும் வரவில்லை. பத்தாவது பெயிலாகி ஆம்பூருக்கு வந்து தோல்ஷாப்பில் சேர்ந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் சில வருஷம், டிரம் பக்கம் சில வருஷம், கடைசியில் பினிஷிங். பதனிட்ட தோலுக்கு நிறம் அடித்து மெருகு ஏற்றும் பிரிவு அது. அங்கே இத்தாலி மெஷின் ஒன்று வந்து இறங்கியபோது அதோடு எட்டோரே என்ற டெக்னீஷியனும் வந்து இறங்கினான். என்னைவிட ஏழு வயது சின்னவன். நாலு வருஷம் இருந்தான்.

அவனுக்கும் இங்கிலீஷ் சரியாக வராது, எனக்கும் வராது. வேறு வழி இல்லாமல் கற்றுக்கொண்டோம். அவன் முதலில் கற்றது தமிழ்க் கெட்ட வார்த்தைகள். சலீம் பாய்தான் சப்ளை. நான் முதலில் கற்றது நிறங்களின் பெயர். பிறகு எண்கள். பிறகு ஜாஸ்தி, கம்மி, காயவில்லை, மறுபடி அடி. அவன் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வேன். ஏகாம்பரம் என்ற பெயர் அவன் வாயில் நுழையவில்லை. ஏகா என்று கூப்பிட்டான். அவன் ஊருக்குக் கிளம்பும் காலத்தில், அவன் மொழியிலேயே அவனோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தேன்.

நன்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. டப்பாவில் ஒட்டியிருக்கும் காகிதத்தை நானே படித்தேன். எந்தக் கெமிக்கலை எதோடு கலக்கக்கூடாது என்று ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தவன் அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசர் ஆனேன். இதெல்லாம் மொழியால் வந்தது. இதற்குப் பிறகு வந்ததும் மொழியால் வந்ததுதான்.

எங்கள் மேனேஜர் வரதராஜன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தொழிலாளியைக்கூட "வாங்க, உட்காருங்க" என்பார். அவருக்கு டீ வரும்போது எதிரில் யாராவது இருந்தால் இன்னொரு டம்ளரை எடுத்து, சரிபாதி ஊற்றிக் கொடுப்பார். ஷாப் முழுக்க இதைப் பாதி டீ என்றுதான் சொல்வார்கள். ஒருவனுக்குப் பாதி டீ கிடைத்தால் அவனால் மேனேஜருக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று அர்த்தம். எட்டோரே போன மறு மாதம் எனக்குப் பாதி டீ கிடைத்தது.

"ஏகாம்பரம், இனிமே வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நீங்க இத்தாலி பேச வேணாம். செலக்‌ஷன் டேபிள்ல தோல் புரட்ட ஒரு ஆள் வேணும். நீங்க புரட்டுங்க. காது மட்டும் திறந்து வெச்சுக்கோங்க."

செலக்‌ஷன் என்றால் இதுதான். தோல் வாங்கும் கம்பெனி தன் ஆளை அனுப்பும். வடக்கு ஜன்னல் ஓரம் சாய்வான மேஜை போட்டிருக்கும். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது, வெளிச்சம் சீராக இருக்கும். நிறம் பார்க்க அதுதான் சரி. டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். ஹெல்பர் தோலை எடுத்து மேஜையில் விரிப்பான். வந்தவர் கழுத்துப் பக்கத்திலிருந்து வால் பக்கம் வரை உள்ளங்கையால் தடவுவார். வயிற்றுப் பக்கத்தை மடித்துச் சுருக்கம் பார்ப்பார். இரண்டு கம்பெனியும் பின்னால் கையெழுத்துப் போட்ட மாதிரித் துண்டு ஒன்று இருக்கும். அதைத் தோலின் மேல் வைத்து நிறம் பார்ப்பார். பிறகு தோலைப் புரட்டச் சொல்லி, பின்பக்கத்தில் சாக்பீஸால் குறி போடுவார். நல்லதுக்கு ஒரு கோடு, சுமாருக்கு இரண்டு, தள்ளுபடிக்குப் பெருக்கல் குறி.

அந்த மேஜைக்குப் போகும்போது என் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஹெல்பர் போடும் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். செருப்பையும் விட்டுவிடுவேன். அவர்கள் தங்களுக்குள் தாராளமாகப் பேசுவார்கள். நான் முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு புரட்டுவேன். என் கால் விரல்களைப் பார்த்து ஒருவன் ஜோக் அடித்திருக்கிறான். முறைக்கக் கூடாது. மதியம் பாதி டீ குடித்துக்கொண்டே கேட்டதை எல்லாம் ஒப்பிப்பேன். அந்த சீசனில் அவர்களுக்கு வேறு எங்கும் தோல் கிடைக்கவில்லை என்று ஒரு தடவை கேட்டுச் சொன்னேன். மேனேஜர் விலையில் இறங்கவே இல்லை. சாயங்காலம் என் தோளைத் தட்டினார்.

இது வியாபாரம்தானே, இதில் என்ன தப்பு என்று அப்போது நினைத்ததாக எழுதலாம். பொய். நான் எதுவும் நினைக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. படித்தவர்கள் நடுவில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி நின்று எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதில் ஒரு போதை இருந்தது.

அப்படி வந்தவர்களில் ரெனாட்டோ என்பவர் தொடர்ந்து ஆறு வருஷம் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. பெரிய பெரிய கைகள். காலையில் மேனேஜருக்குக் கை கொடுத்ததும் அடுத்து காக்கிச் சட்டைக்காரனான எனக்குக் கை கொடுப்பார். வேறு எவனும் அப்படிக் கொடுத்ததில்லை. நல்ல தோலைச் சுமார் என்று சொல்லி விலையை அடிக்கும் வேலை அவரிடம் கிடையாது. சுமாரை நல்லது என்று சொல்லவும் மாட்டார். அவரால் மேனேஜருக்கு என் மூலம் ஒரு லாபமும் இல்லை. விலைப் பேச்சு வந்தால் போனை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விடுவார்.

ஆறாவது வருஷம், மழைக்காலத்தில், சில்வியா என்ற இளம்பெண்ணையும் கூட்டிவந்தார். வேலை பழக வந்தவள். மூன்று நாள் செலக்‌ஷன். முதல் நாள் காலையிலேயே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. மாதிரித் துண்டை வைத்தபின் ஒரு கண்ணை மூடுவார். பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடுவார். பிறகு சில்வியாவைப் பார்ப்பார். அவள் மெதுவாக "சரி" என்பாள், இல்லையென்றால் "சிவப்பு" என்பாள். அதற்குப் பிறகுதான் சாக்பீஸ் இறங்கும்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவரே அவளிடம் விஷயத்தைச் சொன்னார். நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண்ணில் இன்னும் எடுக்கவில்லை. "ஒரு கண் பிரவுன் என்கிறது, இன்னொரு கண் சிவப்பு என்கிறது. நான் எதை நம்புவது?" என்றார். அடுத்த ஆபரேஷன் முடிந்தால் சரியாகிவிடுமாம். அதற்குள் அவர் கம்பெனிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. "நீ பக்கத்தில் இருந்தால் போதும்" என்று அவளிடம் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை ஒரு தடவை என் மேல் பட்டுப் போனது. நான் அடுத்த தோலை விரித்தேன்.

அன்று மதியம் பாதி டீ வந்தது. விசேஷம் ஒன்றும் இல்லை சார் என்றேன். அந்த மேஜையில் நின்ற இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஒன்றரை நாள்தான் நின்றது.

மூன்றாம் நாள் மேஜைக்கு வரவேண்டிய கரும்பிரவுன் லாட்டுக்கு நிறம் அடித்தது என் பிரிவில். நிறத்தை ஒத்துப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. தோல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். பகல் வெளிச்சம் இருக்க வேண்டும். ஈரத் தோல் எப்போதும் கருமையாகத்தான் தெரியும். அந்த வாரம் நாலு நாளாக மழை. பாதி லாட் முடிந்து, புது டப்பா கலரைத் திறந்தோம். அதை அடித்துப் பார்த்த முதல் தோல் காயவே இல்லை. சலீம் பாய் மெஷினை நிறுத்திவிட்டு, "ஈரம் ஜாஸ்தி இருக்குது ஏகாம்பரம். காஞ்சதும் பார்த்துக்கலாம்" என்றார். நான் டியூப் லைட் அடியில் மாதிரித் துண்டை வைத்துப் பார்த்தேன். ஒத்துப்போன மாதிரி இருந்தது. "அடி பாய். நான் இன்னா குருடனா?" என்றேன்.

செலக்‌ஷனின் இரண்டாம் நாள் சாயங்காலம் தோல் காய்ந்தது. பாதி லாட் கரும்பிரவுன். பாதி லாட் சிவப்பு அடித்தது. வலது கால் ஷூ ஒரு நிறம், இடது கால் ஷூ ஒரு நிறம் என்று யாரும் விற்க முடியாது. மேனேஜர் வந்து பார்த்தார். திட்டவில்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, டீயைப் பாதி ஊற்றினார்.

"மெஷின்ல நின்னது சலீம்தானே? அவரை அனுப்பிடலாமா?"

அடிக்கச் சொன்னது நான், சலீம் பாய் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு இத்தாலிய மொழி வேண்டாம், தமிழ் போதும். நான் அதைச் சொல்லவில்லை. ரெனாட்டோவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

மேனேஜர் டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு பக்கத்துல இல்லாட்டி அவருக்கு ஷேடு தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"சரி. டீ ஆறிடப்போகுது, குடிங்க."

குடித்தேன். சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

மறுநாள் காலை சில்வியாவுக்கு ராணிப்பேட்டையில் வேலை முளைத்தது. அங்கே எங்கள் இன்னொரு ஷெட்டில் லைனிங் தோல் தயாராக இருக்கிறது, இன்றே பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்று மேனேஜர் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் ரெனாட்டோவைப் பார்த்தாள். வேண்டாம் என்றால் ஏன் என்ற கேள்வி வரும். "போய்விட்டு வா" என்றார்.

இரண்டு நிறத் தோலையும் கலந்து அடுக்கி வைத்திருந்தோம். அடுக்கியதும் நான்தான். அவர் ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணை மூடினார். முதல் இருபது தோலுக்கே அரை மணி நேரம் ஆனது. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். மேனேஜர் போன் பேச வெளியே போனார். மேஜையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். ரெனாட்டோ அடுக்கிலிருந்து இன்னொரு தோலை உருவி, மேஜையில் இருந்த தோலுக்குப் பக்கத்தில் விரித்தார். ஒன்று பிரவுன், ஒன்று சிவப்பு. வழியில் போகிறவனைக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லியிருப்பான். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, தன் மொழியில், மெதுவாகக் கேட்டார்.

"ஏகா, இந்த இரண்டும் ஒரே நிறமா?"

"இரண்டும் ஒரே நிறம்தான்" என்றேன். இத்தாலிய மொழியிலேயே சொன்னேன். எட்டோரே சொல்லிக் கொடுத்த உச்சரிப்பு, சுத்தமாக வந்தது.

சொன்ன பிறகுதான் வாயைத் திறந்துவிட்டோம் என்று உறைத்தது. இத்தனை வருஷம் ஊமையாக நின்றவன் பேசினால் எதிராளி திடுக்கிட வேண்டும். அவர் திடுக்கிடவில்லை. தலையை ஆட்டினார். நன்றி என்றார். கோடு போட்டார். அதற்குப் பிறகு அவர் கை தயங்கவில்லை. சாயங்காலத்துக்குள் லாட் முழுக்க ஒற்றைக் கோடு. போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையில் சாக்பீஸ் தூள் இருந்தது. என் கையிலும் ஒட்டியது.

தோல் கப்பல் ஏறியது. அங்கே ஷூ தைத்து ஜோடி சேர்த்தபோது விஷயம் வெடித்தது. எங்கள் கம்பெனியை யாரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. பார்த்துக் குறி போட்டுக் கையெழுத்துப் போட்டது அவர்கள் ஆள். அவரை விசாரித்தார்கள். கண் விஷயம் வெளியே வந்தது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இதை மேனேஜர் டீயைப் பாதி ஊற்றிக்கொண்டே சொன்னார். "பாவம், நல்ல மனுஷன்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

நேராக சலீம் பாயிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொல்லி, "உன் வேலைக்காகத்தான் செஞ்சேன் பாய்" என்றேன். அவர் ஸ்பிரே கன்னைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பேரைச் சொல்லி உன் கையைக் கழுவிக்காத. நான் கேட்டேனா? ஈரம்னு சொன்னேன். நீதான் குருடனான்னு கேட்ட."

அதன் பிறகு அவர் என்னிடம் பேசியது வேலைப் பேச்சு மட்டும்தான். பர்வீனிடம் அவர் இதைச் சொன்னதில்லை என்று தெரிகிறது. சொல்லியிருந்தால் எனக்குச் சால்வை போட்டிருக்க மாட்டாள்.

அடுத்த சீசனில் சில்வியா தனியாக வந்தாள். மூன்று நாளும் என்னைப் பார்க்காமலே வேலை செய்தாள். கடைசி நாள் பையை மூடியதும் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, என்னைப் பார்த்து இத்தாலிய மொழியில் பேச ஆரம்பித்தாள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

ரெனாட்டோ முதல் தடவை இங்கே கிளம்பும்போதே எட்டோரே அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்த மேஜையில் தோல் புரட்டுகிறவன் என் நண்பன் ஏகா, அவனுக்கு எல்லாம் புரியும், புரியாதவன் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறார்கள், நீ காட்டிக்கொண்டால் அவன் வேலை போய்விடும் என்று. எட்டோரேவிடம் இதைப் போனில் பெருமையாகச் சிரித்துக்கொண்டே சொன்னது நான்தான். அதை ரெனாட்டோ ஆறு வருஷமும் யாரிடமும் சொல்லவில்லை. விலைப் பேச்சுக்கு அவர் வராண்டாவுக்குப் போனதுகூட, நான் கேட்டுவிட்டு இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழிக்கக் கூடாது என்றுதானாம்.

"கண்ணைப் பற்றி அவர் என்னிடம் ஓட்டலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றாள் சில்வியா. "உங்கள் முன்னால்தான் சொல்வேன் என்று இங்கே வந்து சொன்னார். நான் பக்கத்தில் இல்லாமல் போனால் நீங்கள் இருப்பீர்கள் என்றார்."

என் ரகசியத்தை அவர் ஆறு வருஷம் வைத்திருந்தார். அவருடையதை நான் ஒன்றரை நாள் வைத்திருந்தேன்.

மேனேஜர் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்றாங்க ஏகாம்பரம்?" என்று கேட்டார்.

"சௌக்கியமான்னு கேக்கறாங்க சார்" என்றேன்.

சில்வியாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் என்ன செய்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கை கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகும் ரிடையர் ஆகும்வரை அதே கம்பெனியில்தான் இருந்தேன். காக்கிச் சட்டையை மறுபடி போடவில்லை, கண் சரியில்லை சார் என்று சொல்லித் தப்பித்தேன். அதுவும் பொய். ரெனாட்டோவின் விலாசம் எட்டோரேவிடம் கேட்டால் கிடைக்கும். எட்டோரேவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவனைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை.

செல்போனைத் தூக்கிக் காட்டிய பையனிடம் நான் சொன்ன பதில் வெறும் வாய்ச் சாமர்த்தியம். போன் கை குலுக்காதுதான். கை குலுக்கியவனை ஏமாற்றவும் செய்யாது. அந்த மேஜையில் என் இடத்தில் அந்தப் போன் இருந்திருந்தால் ரெனாட்டோ பென்ஷன் வாங்கியிருப்பார்.

அந்தப் பெண் ஒரே ஒரு வாக்கியம் பேசிக் காட்டச் சொன்னபோது நான் வணக்கம் சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாலு வருஷம் நோட்டில் எழுதி எழுதிக் கற்ற மொழி அது, எவ்வளவோ இருக்கும் என்று நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அது ஒன்றுதான்.

இரண்டும் ஒரே நிறம்தான் என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.